நகர அபிவிருத்திக் காசை விவசாயிகள் சந்தைக்குப் பயன்படுத்தலாமா?

தாராளமாகப் பயன்படுத்தலாம். இன்னொரு கட்டடம் மட்டும் கட்டாதீர்கள். யாழ் நகரத்துக்கு வரும் அபிவிருத்திக் காசில் ஒரு பங்கை உள்ளூர் விவசாயத்துக்கு ஒதுக்கினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அனேகமாகக் கம்பஸில் படிக்கிற பிள்ளை, சந்தையில் சரக்கு இறக்கியிருக்க மாட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நாங்கள் வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் பீற்றூட்டும் செய்கிறவர்கள். போன போகம் பீற்றூட்டைக் கிண்டி, இலை வெட்டி, தொட்டியில் மண் போகக் கழுவி, விடியமுன் லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றிப் போனோம். எந்தச் சந்தை என்று சொல்லமாட்டேன், நாளைக்கும் அங்கேதான் போகவேண்டும். தராசு 200 கிலோ காட்டியது. சரக்கை வாங்குகிற கடை முதலாளி துண்டில் 180 என்று எழுதினார். நூற்றுக்குப் பத்து கழிவாம்.

"கழுவின பீற்றூட்டில என்ன அண்ணை கழிவு?"

"விருப்பமில்லாட்டி ஏத்திக்கொண்டு போம்."

வெயில் ஏறினால் சரக்கு வாடும் என்று அவருக்கும் தெரியும். கொடுத்துவிட்டு வந்தேன். அந்த 20 கிலோவை அவர் குப்பையில் கொட்டியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்?

வியாபாரிக்கும் அழுகல், ஏற்றுக்கூலி என்று நட்டம் இருக்கிறதே என்று யாராவது கீழே எழுத வருவீர்கள். சரி, இருக்கட்டும். அதை விலையில் குறைத்துக் கேளுங்கள், நிறையில் கை வைக்காதீர்கள்.

தென்மராட்சி மட்டுவிலில் 2022இல் பொருளாதார மத்திய நிலையம் என்று ஒரு மொத்த வியாபாரச் சந்தை திறந்தார்கள். திறந்த பிறகும் நெடுங்காலம் கடைகள் பூட்டியே கிடந்தன. வாங்க ஆள் வராத இடத்துக்கு யார் டீசல் அடித்து ஏற்றிப் போவது? உலக வங்கித் திட்டத்தில் கண்டி, காலியோடு யாழ்ப்பாணத்தையும் சேர்த்து வீதி, வடிகால் எல்லாம் செய்தார்கள். நல்ல வேலைதான், மறுக்கவில்லை. அப்படி வரும் காசில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கூரை, தண்ணீர்க் குழாய், முத்திரை குத்திய தராசு, கிழமையில் இரண்டு நாள் தோட்டக்காரர் மட்டும் விற்கலாம் என்று ஒரு விதி. காணும். திருநெல்வேலி அம்மாச்சி உணவகத்தைப் பாருங்கள். இடம் விவசாயத் திணைக்களத்தினுடையது, சமைத்து விற்பது பெண்கள், நடுவில் தரகர் இல்லை.

இதையும் சொல்லவேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கள் ஆக்கள் சுப்பர் மார்க்கெட்டில் ஒட்டின விலையை வாய் திறக்காமல் கொடுப்பார்கள். தோட்டத்துக்கு வந்தால் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்குப் பேரம். போன ஆடியில் மச்சான் முறையான ஒருவர் கிலோவுக்கு நூறு ரூபா குறைக்கச் சொன்னார். சொந்தமாயிற்றே, குறைத்தேன். பைக்குள் ஒரு பிடி பச்சைமிளகாயும் சும்மா போடச் சொன்னார்.