உள்ளூர் கேபிளுக்கு வீடியோ எடுக்கும் இளைஞர்களுக்கு: கேள்வி பதில்

நெல்லைச் சீமையில் ஊர்க் கேபிள் அலைவரிசைக்காகக் கோயில் கொடை விழா, தேரோட்டம், ஊர்ச் செய்தி என்று வீடியோ எடுக்கும் தம்பி தங்கைகள் அனுப்பிய கேள்விகள் இவை. நிகழ்ச்சிகளைத் தொகுத்து ஒளிபரப்புக்கு அனுப்புவது என் தொழில். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வள்ளியூர்: அண்ணாச்சி, நாங்கள் நான்கு பேர் சேர்ந்து முதல்முறையாகக் கேமரா வாங்கப் போகிறோம். எது நல்லது?

கையில் இருக்கும் போனே போதும் தம்பி. அந்தப் பணத்தில் ஒரு நல்ல மைக்கும், காற்றிரைச்சலைத் தடுக்க அதற்கு மேலே போடும் மயிர்க்கவசமும் வாங்குங்கள். படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு கேட்கவில்லை என்றால் அலைவரிசையை மாற்றிவிடுவார். அதிலும் உங்கள் வள்ளியூர், பணகுடி, இராதாபுரம் பக்கம் காற்றாலை நட்டு வைத்திருக்கும் பூமி. ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றுக்கு வெறும் பஞ்சு உறை தாங்காது.

போனில் நொடிக்கு 30 சட்டகம் (ஃபிரேம்) என்று இருப்பதை 25-க்கு மாற்றுங்கள். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறை அதுதான். ஷட்டர் வேகத்தை 1/50-இல் நிறுத்துங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், கொடைப் பந்தலின் குழல் விளக்கு வெளிச்சத்தில் படத்தின் மேல் பட்டை பட்டையாக ஓடுவது இதனால் நின்றுவிடும். போனைப் படுக்கவைத்தே எடுங்கள்.

களக்காடு: கொடையில் கணியான் கூத்து எடுத்தோம். மகுடப் பறை அடிக்கும்போது ஒலி கிழிகிறது, பாட்டு அமுங்கிவிடுகிறது. என்ன செய்வது?

நல்ல கேள்வி. போன் ஒலி அளவைத் தானாகவே கூட்டிக் குறைக்கிறது. மகுடத்தின் ஒரு அடி விழுந்ததும் அது அளவைத் தாழ்த்திவிடும். அது மறுபடி உயர்வதற்குள் அண்ணாவி (தலைமைப் பாடகர்) பாடிய வரி போய்விடும். தானியங்கி ஒலி அளவை முதலில் அணைத்துவிடுங்கள்.

அடுத்தது, அளவு வைக்கும் நேரம். கலைஞர்கள் இடையிடையே மகுடத்தைத் தீயில் வாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தோல் தளர்ந்திருக்கும்போது அளவு வைத்தால் ஏமாந்துபோவீர்கள். வாட்டி எடுத்ததும் தோல் விறைத்து ஓசை கூர்மையாகிவிடும். அந்த முதல் அடி ஒலி மீட்டரில் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாதபடி வையுங்கள். அண்ணாவிக்குத் தனி மைக் கொடுங்கள். உச்சம், மந்தம் என்ற இரண்டு மகுடங்களுக்கும் நடுவே, ஆளுயரத்துக்கு மேலே இன்னொன்று இருக்கட்டும். மகுடத்தின் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டாம். கோயில் ஒலிபெருக்கிக் குழாய் இருக்கும் பக்கத்துக்கு மைக்கின் முதுகைக் காட்டுங்கள்.

இன்னொன்று. கூத்துக் கலைஞர்களுக்கும் வில்லுப்பாட்டுக் குழுவினருக்கும் தங்கள் நிகழ்ச்சியின் மேல் பதிப்புரிமைச் சட்டப்படி 50 ஆண்டு உரிமை உண்டு. ஊர்க் கமிட்டி சரி என்றால் மட்டும் போதாது. கலைஞர்களிடமும் எழுதி வாங்குங்கள், தொகையும் பேசுங்கள்.

மேலப்பாளையம்: எங்கள் கல்லூரிக்கே சொந்தமாக ஒரு அலைவரிசை வாங்க முடியுமா?

முடியாது. சமுதாய வானொலிக்குக் கல்வி நிறுவனங்களை 2002-இலும், தொண்டு நிறுவனங்களை 2006-இலும் அரசு அனுமதித்தது. தொலைக்காட்சிக்கு அப்படி ஒரு வகையே இங்கு இல்லை. அமெரிக்காவில் 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுமக்களுக்கும் கல்விக்கும் என்று அலைவரிசை ஒதுக்கும்படி உள்ளாட்சிகள் கேபிள் நிறுவனத்தைக் கேட்கலாம். அது நமக்கும் வர வேண்டும் என்பதே என் விருப்பம். இப்போதைக்கு, உங்கள் பகுதிக்குச் சேவை தரும் பெரிய கேபிள் நிறுவனம் தன் பெயரில் பதிவு செய்த அலைவரிசையில் நேரம் கேளுங்கள். மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் 2022 நவம்பர் நெறிமுறைப்படி பதிவும் பொறுப்பும் அவர்களுடையது. ஒளிபரப்பியதை 90 நாள் வைத்திருக்கவும் வேண்டும். உள்ளூர்ச் செய்தி போடுவதானால் அவர்கள் கம்பெனியாகப் பதிவாகியிருக்க வேண்டும்.

திசையன்விளை: எந்தக் கேமரா வாங்கலாம் அண்ணாச்சி?

வள்ளியூருக்குச் சொன்னதுதான். மைக்.

பாளையங்கோட்டை: கொடையில் சாமியாடுபவர்களை அருகில் போய் எடுக்கலாமா?

கேட்காமல் எடுக்காதீர்கள். மஞ்சள் நீர் ஊற்றியதும் சேலை உடலோடு ஒட்டிவிடுகிறது, கூந்தல் அவிழ்கிறது. தாங்கிப் பிடிக்கிற அக்கம்பக்கத்துப் பெண்கள் சேலையை இழுத்துவிடப் படாதபாடு படுகிறார்கள். கேமரா மட்டும் அங்கேயே நிற்கிறது. அப்படி வரும் காட்சிகளை நான் வெட்டிவிடுவேன்.

அம்பாசமுத்திரம்: இதை ஏற்க முடியவில்லை. ஊரே கூடிப் பார்க்கிற இடத்தில் நடப்பதை எடுக்க எதற்கு அனுமதி?

ஊர் பார்ப்பது வேறு தம்பி. கொடையில் நிற்பவர்கள் கைகூப்பி நிற்கிறார்கள். அவர்களுக்கு அந்த அம்மாள் அப்போது சாமி. வீட்டில் சோறு தின்றுகொண்டே பார்ப்பவர்களுக்கு அப்படி இல்லை. மறுநாள் அவர் பீடிக் கடைக்கு இலை வாங்கப் போகும்போது, "உன்னை டிவியில் பார்த்தேன்" என்று ஒருவன் சிரித்தால் அதற்கு யார் பொறுப்பு? சென்னை அலைவரிசைக்காரர்கள் எடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். நீங்கள் அதே தெருவில்தான் இருக்கப் போகிறீர்கள்.

முக்கூடல்: அண்ணாச்சி, என் அத்தை சாமியாடுபவர். போன வருடம் அவர் வரும் பகுதியைக் கேபிளில் வெட்டிவிட்டார்கள். "என் அம்மனைக் காட்ட வெட்கமா?" என்று அழுதுவிட்டார். நீங்கள் எல்லாவற்றையும் வெட்டச் சொல்கிறீர்களே?

தங்கை சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெட்டுவதையும் அவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். அதனால் இப்படிச் செய்யுங்கள். கொடைக்குக் கால்நாட்டு (பந்தல்கால் நடுவது) முடிந்ததும் அவர் வீட்டுக்கு, உங்கள் குழுவில் ஒரு பெண்ணையும் அழைத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். அருள் வந்த பிறகு யாரிடமும் சம்மதம் கேட்க முடியாது. முகம் வரலாமா, எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். தொகுத்த பிறகு அவருக்குப் போட்டுக் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

அம்பாசமுத்திரம் (மறுபடியும்): திடீரென்று கூட்டத்தில் வேறொருவருக்கு அருள் வந்தால்?

கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் வாருங்கள். கூட்டத்தோடு சேர்ந்த அகலக் காட்சி போதும். மேளக்காரர் முகத்தை எடுங்கள், முளைப்பாரியை எடுங்கள். எடுக்க நிறைய இருக்கிறது. அந்த ஆள் தெளிந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். பள்ளிக்கூடப் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம், போடாதீர்கள்.

நாங்குநேரி: கொடைத் தொகுப்புக்குப் பின்னணியில் எங்கள் சமுதாயப் பெருமைப் பாட்டைப் போடலாமா?

கூடாது. கையில் சாதிக் கயிறு தெரியும்படி அருகாமைக் காட்சி வைப்பதும் கூடாது. சாதியின் பேரால் பிள்ளைகள் அரிவாள் தூக்கியதை உங்கள் ஊரே பார்த்திருக்கிறது. கேபிள் விதிகளின் 6-ஆவது விதி சாதி, மத வெறுப்பைத் தூண்டும் காட்சியையும் சொல்லையும் தடுக்கிறது. விதி இல்லாவிட்டாலும் நான் போட மாட்டேன்.

சேரன்மகாதேவி: சினிமாப் பாட்டாவது போடலாமா?

உரிமம் இல்லாமல் வேண்டாம். உங்கள் ஊர் நையாண்டி மேளத்தை அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்யுங்கள்.

கடையம்: கிடா வெட்டு?

வெட்டுவதைக் காட்டாதீர்கள்.

ஏர்வாடி: பட்ஜெட் இருபதாயிரத்துக்குள் கேமரா...

வள்ளியூருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள் தம்பி.

மூலைக்கரைப்பட்டி: கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தை டிரோனில் எடுக்க ஆசை. சிறிய டிரோன்தான்.

வேண்டாம். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கே வெடி போடாத ஊர் அது. மேலே இரைச்சல் கேட்டுத் தாய்ப்பறவை பதறி எழுந்தால் குஞ்சு கூட்டிலிருந்து விழும். கரையில் முக்காலியை வைத்து, விடியற்காலையில் எடுங்கள். கூழைக்கடா இரை கொண்டுவந்து வாயைத் திறக்க, குஞ்சு அதன் பைக்குள் தலையை விடுவது கரையிலிருந்தே தெரியும்.

நம் மாவட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையமும், விஜயநாராயணத்தில் கடற்படையின் கட்டபொம்மன் தளமும் இருக்கின்றன. எங்கே டிரோன் பறக்கவிடுவதானாலும் முதலில் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் டிரோன் வரைபடத்தைப் பாருங்கள். சிவப்பு மண்டலம் என்றால், எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எழுப்பக் கூடாது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகக் காட்டுக்குள் கேமரா கொண்டுபோவதற்கும் வனத்துறையிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அந்தக் காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்தையனார் கோயில் ஆடி அமாவாசைக்கு எடுக்க நினைப்பவர்கள் இப்போதே மனு கொடுங்கள்.