பாஸ்போர்ட் நகலை மெயிலில் கேட்கிறார்கள், அனுப்பலாமா?

கேள்வி: வெளிநாட்டில் தனி வழிகாட்டியோடு பத்து நாள் சுற்றுலாவுக்குப் பதிவு செய்திருக்கிறோம். நாங்கள் நான்கு பேர். நால்வரின் பாஸ்போர்ட்டையும் ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பும்படி ஏற்பாட்டாளர் எழுதியிருக்கிறார். அனுப்பத் தயக்கமாக இருக்கிறது. மறுத்தால் பதிவே ரத்தாகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: தயக்கம் நியாயமானது. ஆனால் உடனே மறுக்க வேண்டாம். முதலில் "இது எதற்காகத் தேவைப்படுகிறது?" என்று கேளுங்கள். ஒழுங்காகத் தொழில் செய்கிற எந்த ஏற்பாட்டாளரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். தினமும் யாராவது ஒருவர் அவரிடம் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

பாஸ்போர்ட் விவரம் வேறு, பாஸ்போர்ட் நகல் வேறு. பல இடங்களுக்கு விவரம் மட்டும் போதும். பெரு நாட்டின் பழைய மலை நகரமான மச்சு பிச்சுவுக்கு நுழைவுச்சீட்டு உங்கள் பெயரிலும் பாஸ்போர்ட் எண்ணிலும்தான் வரும். வாசலில் அசல் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அங்கே போகும் இன்கா நடைபாதையில் வழிகாட்டிகள், சுமை தூக்குபவர்கள் எல்லாரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. அதனால் மாதக்கணக்கில் முன்கூட்டியே எண்ணைக் கேட்பார்கள். இப்படிக் கேட்பதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பெயர், பிறந்த தேதி, நாடு, பாஸ்போர்ட் எண், காலாவதி தேதி ஆகியவற்றைத் தட்டச்சு செய்து கொடுத்தால் வேலை முடிந்துவிடும். ரோமில் கொலோசியத்துக்கு அதுகூட வேண்டாம். 2023 முதல் அங்கே நுழைவுச்சீட்டில் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நகல்தான் வேண்டும் என்கிற இடங்களும் உண்டு. திபெத்துக்குள் போக வெளிநாட்டவருக்குத் தனி அனுமதிச்சீட்டு வேண்டும். அதைப் பயண நிறுவனம் வழியாகத்தான் வாங்க முடியும். பாஸ்போர்ட் நகலும், சீன விசா வாங்க வேண்டியவர் என்றால் அதன் நகலும் கொடுத்தாக வேண்டும். பூட்டான் விசாவுக்கும் புகைப்படப் பக்கத்தின் நகல் கேட்பார்கள். இங்கெல்லாம் மல்லுக்கட்டிப் பயனில்லை, பத்திரமாக அனுப்பும் வழியைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் "ஹோட்டலுக்கு வேண்டும்" என்று மட்டும் பதில் வந்தால் கொஞ்சம் நில்லுங்கள். இத்தாலி போன்ற நாடுகளில் தங்குபவர் விவரத்தை ஹோட்டல்கள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் இருப்பது உண்மை. அதற்கு நீங்கள் போய் இறங்கும்போது வரவேற்பு மேசையில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும்.

ஏற்பாட்டாளருக்கு இப்படி எழுதலாம்: "வணக்கம். இந்த நகல் எந்த அனுமதிக்காக, எந்த அலுவலகத்துக்குப் போகிறது என்று சொல்ல முடியுமா? விவரங்களைத் தட்டச்சு செய்து தந்தால் போதுமா? நகல்தான் வேண்டுமென்றால், பதிவேற்ற உங்கள் இணையதளத்தில் பாதுகாப்பான பக்கம் இருக்கிறதா?" இதற்கு என்ன பதில் வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். "அனுமதி இன்ன துறையில் வாங்குகிறோம், எண் மட்டும் போதும்" என்று சொல்பவரை நம்பலாம். "எல்லாரும் அனுப்புகிறார்கள், நீங்களும் அனுப்புங்கள், இன்றே அனுப்பாவிட்டால் இடம் போய்விடும்" என்று நெருக்குபவரிடம் நான் என் பாஸ்போர்ட்டைக் கொடுக்க மாட்டேன்.

மெயிலில் என்னதான் ஆபத்து என்று பலர் கேட்கிறார்கள். வழியில் யாரோ இடைமறித்துப் படித்துவிடுவார்கள் என்பதுதான் எல்லாருக்கும் இருக்கிற பயம். இன்றைக்குப் பெரிய மெயில் சேவைகள் தங்களுக்குள் குறியாக்கம் செய்துதான், அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றித்தான் அனுப்புகின்றன. அதனால் எனக்குப் பெரிய கவலை, மெயில் போய்ச் சேர்ந்த பிறகு நடப்பதைப் பற்றித்தான். நீங்கள் அனுப்பிய நகல் உங்கள் அனுப்பிய பெட்டியில் ஒன்று, அவருடைய பெட்டியில் ஒன்று, அவர் உள்ளூர் வழிகாட்டிக்கு ஃபார்வர்டு செய்ததில் ஒன்று, அந்த வழிகாட்டியின் போனில் ஒன்று என்று பெருகிக்கொண்டே போகும். சுற்றுலா முடிந்த பிறகும் அங்கேயே கிடக்கும். இந்தப் பதிலை எழுத உட்காரும்முன் என் அனுப்பிய பெட்டியில் "பாஸ்போர்ட்" என்று தேடினேன். எட்டு வருடத்துக்கு முன் அனுப்பிய, எங்கள் வீட்டில் எல்லாருடைய நகல்களும் அப்படியே இருந்தன. என் மெயில் கடவுச்சொல் யார் கையிலாவது சிக்கியிருந்தால் அத்தனையும் போயிருக்கும். இதைப் படிக்கும்போதே நீங்களும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

பெரிய நிறுவனம் என்றால் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். மேரியட் ஹோட்டல் குழுமம் தன் ஸ்டார்வுட் ஹோட்டல்களின் முன்பதிவுத் தரவுத்தளம் ஊடுருவப்பட்டதாக 2018 நவம்பரில் அறிவித்தது. குறியாக்கம் செய்யாமல் வைத்திருந்த சுமார் 52.5 லட்சம் பாஸ்போர்ட் எண்கள் அதில் இருந்தன. யாரோ ஏதோ ஒரு காரணத்துக்காகக் கேட்டு வாங்கி வைத்திருந்தவை அவை.

கேள்வி: நகல் அனுப்பும்போது பாஸ்போர்ட் எண்ணை மட்டும் கறுப்படித்து அனுப்பினேன். அது போதும்தானே?

பதில்: போதாது. பாஸ்போர்ட்டை எடுத்துப் புகைப்படப் பக்கத்தின் அடியைப் பாருங்கள். அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கும், வரிக்கு 44 எழுத்துகள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த முறை அது. எல்லா நாட்டு பாஸ்போர்ட்டிலும் ஒரே மாதிரிதான். இரண்டாவது வரியின் முதல் ஒன்பது இடங்களில் இருப்பது உங்கள் பாஸ்போர்ட் எண். அடுத்து ஒரு சரிபார்ப்பு இலக்கம், பிறகு மூன்றெழுத்தில் நாடு, ஆறு இலக்கத்தில் பிறந்த தேதி, பாலினம், ஆறு இலக்கத்தில் காலாவதி தேதி. மேலே மறைத்ததெல்லாம் கீழே திறந்து கிடக்கிறது. இதில் இன்னொன்றும் உண்டு. சிப் வைத்த பாஸ்போர்ட்டில் அந்தச் சிப்பைப் படிக்கும் அடிப்படைச் சாவி உருவாவதே எண், பிறந்த தேதி, காலாவதி தேதி ஆகிய மூன்றிலிருந்துதான். ஆகவே மறைப்பதென்றால் அந்த இரண்டு வரிகளையும் சேர்த்து மறையுங்கள். கையெழுத்து தெரிந்தால் அதையும்.

மறைக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். போனில் இருக்கிற மார்க்கர் பேனாவால் தீட்டினால் சில நேரம் முழுதாக மறையாது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து தெரிந்துவிடும். பிடிஎஃப்பில் கறுப்புக் கட்டம் வரைந்தால், கட்டத்தை நகர்த்தி அடியில் இருப்பதைப் பார்க்க முடியும். கூகுள் பிக்சல் போன்களின் படத் திருத்தக் கருவியில் வெட்டி நீக்கிய பகுதியைக்கூட மீட்டெடுக்க முடிந்தது என்பது 2023-ல் தெரியவந்தது. நான் செய்வது பழைய முறை. வெள்ளைத்தாளில் பட்டையாக இரண்டு துண்டு வெட்டி, மறைக்க வேண்டிய இடத்தின் மேல் வைத்துவிட்டுப் படம் எடுப்பேன். படத்திலேயே இல்லாததை யாரும் மீட்க முடியாது.

எடுத்த படத்தின் குறுக்கே, முகத்தின் மேலும் எழுத்தின் மேலும் ஓடுகிற மாதிரி, "இன்ன நிறுவனத்துக்கு, இன்ன அனுமதிக்காக மட்டும்" என்று தேதியோடு எழுதுங்கள். உங்கள் நகலை வைத்து வேறொருவர் கணக்குத் திறக்கவோ சிம் வாங்கவோ முயன்றால் இந்த எழுத்து குறுக்கே நிற்கும். நெதர்லாந்து அரசு இதற்கென்றே 'கோப்பி ஐடி' என்று ஒரு செயலி வைத்திருக்கிறது. எண்ணை மறைக்கவும் எழுத்தைப் பதிக்கவும் அதில் முடியும். ஓரத்தில் சின்னதாக எழுதினால் வெட்டி எடுத்துவிடுவார்கள், நடுவில் எழுதுங்கள். ஒரு எச்சரிக்கை: விசாவுக்கும் அரசு அனுமதிக்கும் போகிற நகலில் இப்படி மறைத்தாலோ எழுதினாலோ விண்ணப்பம் திரும்பி வரலாம். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிடிஎஃப்புக்குக் கடவுச்சொல் போட்டு அனுப்பி, அடுத்த மெயிலில் கடவுச்சொல்லை எழுதலாமா?

பதில்: பூட்டையும் சாவியையும் ஒரே பையில் போட்டுக் கொடுப்பதற்குச் சமம் அது. பெட்டிக்குள் நுழைந்தவருக்கு இரண்டும் கிடைத்துவிடும். கடவுச்சொல்லைப் போனில் பேசிச் சொல்லுங்கள், அல்லது வேறு செயலியில் அனுப்புங்கள்.

பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். நூறு வருடத்துக்கு மொத்தம் 36,525 நாள்தான். அத்தனையையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது கணினிக்கு ஒரு வேலையே இல்லை. சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். பிடிஎஃப்பில் இரண்டு வகைக் கடவுச்சொல் இருப்பதையும் கவனியுங்கள். ஒன்று கோப்பைத் திறக்கவே கேட்பது. இன்னொன்று அச்சிடுவதையும் திருத்துவதையும் மட்டும் தடுப்பது. இரண்டாவதைப் போட்டுவிட்டுப் பத்திரம் என்று இருந்துவிடக் கூடாது. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஜிப் கோப்பாக்கினால் ஏ.இ.எஸ்-256 என்ற வலுவான குறியாக்க முறையைத் தேர்ந்தெடுங்கள், பழைய ஜிப் பூட்டு பலவீனமானது.

இவ்வளவு சிரமம் வேண்டாம் என்றால் கோப்பை உங்கள் கிளவுட் சேமிப்பில் வைத்து, அவருடைய முகவரிக்கு மட்டும் திறக்கும்படி இணைப்பைக் கொடுங்கள். அவர் வேலை முடிந்ததாகச் சொன்னதும் அனுமதியை நீக்கிவிடலாம். அவர் தரவிறக்கி வைத்திருந்தால் அதைத் தடுக்க முடியாது. ஆனாலும் இரண்டு பக்கத்து மெயில் பெட்டியிலும் நகல் தங்காது. எனக்குப் பிடித்த வழி இதுதான்.

கேள்வி: மெயிலைவிட வாட்ஸ்அப் மேலா?

பதில்: வழியில் போகும்போது மேல்தான். 2016 முதல் அதில் முழுக் குறியாக்கம் இருக்கிறது, அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வழியில் யாரும் படிக்க முடியாது. ஆனால் அந்தப் பக்கம் படம் போனின் கேலரியில் போய் உட்கார்ந்துவிடலாம், போனின் பேக்கப்பிலும் ஏறிவிடலாம். வழிகாட்டி குடும்பப் படங்களோடு சேர்த்து உங்கள் பாஸ்போர்ட்டையும் வைத்திருப்பார். அனுப்பினால் ஒருமுறை மட்டும் பார்க்கும் வசதியைப் போட்டு, எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: பாஸ்போர்ட் விவரம் அனுப்பிய இரண்டாம் நாள், அதே ஏற்பாட்டாளரிடமிருந்து "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, மீதித் தொகையைப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்" என்று மெயில் வந்தது. பயணத் தேதி, எங்கள் பெயர்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். ஏற்பாட்டாளரின் மெயில் பெட்டிக்குள் நுழைந்தவர்கள் செய்கிற முதல் வேலையே இதுதான். பழைய கடிதங்களைப் படித்துவிட்டு அதே நடையில், அதே விவரத்தோடு எழுதுவார்கள். விவரம் சரியாக இருக்கிறது என்பது இங்கே எந்தச் சான்றும் இல்லை. அந்த மெயிலில் இருக்கிற எண்ணில் அழைக்க வேண்டாம். பதிவு செய்த நாளில் நீங்கள் பயன்படுத்திய எண்ணில் அழைத்துப் பேசுங்கள். அவர் மாற்றவில்லை என்று சொன்னால், உங்கள் நகலும் அந்தத் திருடர் கையில் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு அடுத்த பதிலைப் படியுங்கள். கார்டு எண்ணையும் பின்பக்கத்து மூன்று இலக்கத்தையும் மெயிலில் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. பணம் எடுத்த பிறகு அந்த மூன்று இலக்கத்தைச் சேமித்து வைப்பதையே கார்டு நிறுவனங்களின் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன.

கேள்வி: நகல் தவறான கைக்குப் போய்விட்டது என்று தெரிகிறது. பாஸ்போர்ட் தொலைந்துவிட்டதாகப் புகார் கொடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். தொலைந்ததாகப் பதிவு செய்தால் பெரும்பாலான நாடுகளில் அந்தப் பாஸ்போர்ட் அப்போதே செல்லாததாகிவிடும். அதன் எண், 2002 முதல் சர்வதேசக் காவல் அமைப்பான இன்டர்போல் நடத்துகிற தொலைந்த, திருட்டுப்போன ஆவணங்களின் பட்டியலுக்கும் போகக்கூடும். பிறகு மனம் மாறி அதே பாஸ்போர்ட்டோடு விமான நிலையம் போனால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். வெறும் நகலை வைத்து யாரும் எல்லை தாண்ட முடியாது. அது பயன்படுவதெல்லாம் உங்கள் பெயரில் கணக்கு, கடன், சிம் வாங்கத்தான்.

ஆகவே உங்களுக்குப் பாஸ்போர்ட் கொடுத்த அலுவலகத்தை அழைத்து, நகல் கசிந்ததைச் சொல்லி, மாற்றிக்கொள்ள வேண்டுமா என்று கேளுங்கள். வங்கிக்குத் தெரிவியுங்கள். உங்கள் நாட்டில் கடன் அறிக்கை பார்க்கும் வசதி இருந்தால் அடுத்த சில மாதங்கள் அடிக்கடி பாருங்கள். மெயில் கடவுச்சொல்லை மாற்றி இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். காவல்துறையில் புகார் எண் ஒன்று வாங்கி வையுங்கள். நாளைக்கு உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியதாக வந்தால், அது உங்கள் வேலை இல்லை என்று காட்ட இந்தத் தேதி உதவும். பயணத்துக்கு முன் பாஸ்போர்ட்டை மாற்றினால், பழைய எண்ணில் எடுத்த அனுமதிச்சீட்டுகள் என்னாகும் என்று ஏற்பாட்டாளரிடம் உடனே கேட்டுவிடுங்கள். பழைய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தால் அதையும் கையில் எடுத்துப் போங்கள்.

கேள்வி: சுற்றுலா நல்லபடியாக முடிந்து வந்துவிட்டோம். நகலை அழிக்கச் சொல்ல உரிமை உண்டா?

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்தில் இயங்குகிற நிறுவனம் என்றால் சட்டப்படியே உண்டு. 2018 மே 25 முதல் அங்கே அமலில் இருக்கிற தரவுப் பாதுகாப்பு விதிகளின் 17-ஆம் பிரிவு அதைத் தருகிறது. நீங்கள் எந்த நாட்டவராக இருந்தாலும் கேட்கலாம். கணக்குவழக்குக்காகச் சட்டம் வைத்திருக்கச் சொல்கிற ரசீதுகளை அவர்கள் வைத்துக்கொள்ளலாம். மற்ற இடங்களில் இப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் கேளுங்கள், பெரும்பாலும் செய்துவிடுவார்கள். இரண்டு வரி போதும்: "பயணம் முடிந்தது, நன்றி. எங்கள் நால்வரின் பாஸ்போர்ட் நகல்களையும் உங்கள் மெயிலிலிருந்தும், நீங்கள் அனுப்பிய வழிகாட்டி, ஓட்டுநர் ஆகியோரிடமிருந்தும் நீக்கிவிட்டு ஒரு வரி பதில் எழுதுங்கள்." அதை அனுப்பியதும் உங்கள் அனுப்பிய பெட்டியிலிருந்தும், குப்பைப் பெட்டியிலிருந்தும் அந்தப் பழைய மெயிலை நீக்கிவிடுங்கள்.