ஒரு கம்பியும் பல குழப்பங்களும்: மை பிளடி வேலன்டைன் பற்றி வாசகர் கேள்விகள்

டப்ளினில் தொடங்கி லண்டனில் உருப்பெற்ற மை பிளடி வேலன்டைன் என்ற ராக் குழுவைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். கிடார் வாசிக்கிறவர்கள் அதிகம் எழுதியிருப்பதால் கருவி பற்றிய பதில்கள் கொஞ்சம் நீண்டுவிட்டன. கிடாரைத் தொடாதவர்கள் அவற்றைத் தாண்டிப் போகலாம்.

கேள்வி: எல்லோரும் 'லவ்லெஸ்' ஆல்பத்தைக் கேட்கச் சொல்கிறார்கள். கேட்டால் வெயிலில் கிடந்த கேசட்டைப் போட்ட மாதிரி சுருதி ஆடுகிறது. என் ஹெட்போனில் கோளாறா? (மதுரை வாசகர்)

ஹெட்போன் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஆட்டம் வேண்டுமென்றே செய்தது. ஆனால் 'லவ்லெஸ்'ஸில் தொடங்கியதுதான் தப்பு. 1988 ஆகஸ்டில் வந்த 'யூ மேட் மீ ரியலைஸ்' என்ற ஐந்து பாட்டு இ.பி.யிலிருந்து (ஆல்பத்தைவிடச் சிறிய தட்டு) ஆரம்பியுங்கள். தலைப்புப் பாட்டு நேரடியான வேக ராக், யாருக்கும் பிடிபடும். அதே தட்டிலுள்ள 'ஸ்லோ' பாட்டில் கிடார் மெல்லச் சரிந்து மறுபடி எழும்புவதைக் கவனியுங்கள். பிறகு அதே ஆண்டு நவம்பரில் வந்த 'இஸின்ட் எனிதிங்', அதன்பின் 1990, 1991இல் வந்த 'கிளைடர்', 'டிரெமோலோ' இ.பி.க்கள், கடைசியாக 'லவ்லெஸ்'. இந்த வரிசையில் போனால் காது படிப்படியாகப் பழகும்.

போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். இவர்களுடைய பாட்டில் குரலும் கிடாரும் ஒரே இடத்தில், நடு அலைவரிசையில், கிட்டத்தட்ட ஒரே அளவில் வைக்கப்பட்டிருக்கும். அடியில் பேஸ் கேட்காவிட்டால் மிச்சமிருப்பது வெறும் இரைச்சலாகத்தான் தெரியும்.

கேள்வி: ஆரம்பத்தில் இவர்கள் வேறு மாதிரி வாசித்தார்கள் என்கிறார்களே? (கோவை வாசகர்)

முற்றிலும் வேறு. 1983இல் டப்ளினில் கெவின் ஷீல்ட்ஸ் கிடாரும் கோல்ம் ஓ கீசோக் டிரம்ஸும் டேவ் கான்வே பாட்டுமாகத் தொடங்கிய குழு. பெர்லினில் பதிவாகி 1985இல் வந்த முதல் சிறு ஆல்பத்தைக் கேட்டால் தி கிராம்ப்ஸ், தி பர்த்டே பார்ட்டி குழுக்களின் நிழல் அப்படியே விழுந்திருக்கும். அதே ஆண்டு லண்டனுக்கு வந்தார்கள். பேஸுக்கு டெபி கூஜ் சேர்ந்தார். கிணுகிணுக்கும் கிடாரோடு இனிப்பான பாப் பாட்டுகள் சில வந்தன. 1987இல் கான்வே விலக, பிலிண்டா புட்சர் பாடவும் கிடார் வாசிக்கவும் வந்தார். அந்த நவம்பரில் வந்த 'எக்ஸ்டஸி' வரை நல்ல பாட்டுகள் உண்டு. சொந்தக் குரல் இல்லை. குழு அப்போதே கலைந்திருந்தால் இந்தப் பக்கத்துக்கு ஒரு கடிதம்கூட வந்திருக்காது.

திருப்பம் 1988 கோடையில். கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியில் சேர்ந்த நேரத்தில் ஷீல்ட்ஸ் கைக்கு இரவலாக ஒரு ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர் கிடார் வந்தது. அதன் டிரெமோலோ கம்பியை, அதாவது தந்திகளின் சுருதியை ஆட்டும் கைப்பிடியை, பிடித்துக்கொண்டே வாசிக்க ஆரம்பித்தார். குழுவின் முன்பாதியையும் பின்பாதியையும் பிரிக்கும் கோடு அதுதான் என்பது எங்கள் கணிப்பு. 'இஸின்ட் எனிதிங்'கின் பெரும்பகுதி வேல்ஸில் இரண்டே வாரங்களில், தூக்கம் கெட்டு, பதிவானது. 'லவ்லெஸ்'ஸைவிட அதுதான் துணிச்சலான ஆல்பம் என்று வாதாட இங்கே ஆள் இருக்கிறது.

கேள்வி: 'கிளைடு கிடார்' என்பதைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா? நான் நாலு பெடல் வாங்கியும் அந்தச் சத்தம் வரவில்லை. (சென்னை வாசகர்)

ஷீல்ட்ஸின் அந்தக் கம்பி வாசிப்புக்குத்தான் கிளைடு கிடார் என்று பெயர். பெடலில் (காலால் இயக்கி ஒலியை மாற்றும் பெட்டி) தேடியதால்தான் வரவில்லை. முக்கால்வாசி வேலை வலது கையில் இருக்கிறது.

ஜாஸ்மாஸ்டரின் கம்பியை அழுத்தினால் ஆறு தந்திகளும் சேர்ந்து தளர்ந்து சுருதி இறங்கும், விட்டால் ஏறும். (இதற்கு 'டிரெமோலோ' என்று பெயர் வைத்தது ஃபெண்டர் செய்த குழப்பம். சத்த அளவு ஏறி இறங்குவதுதான் டிரெமோலோ, சுருதி ஆடுவது வைப்ராட்டோ.) மற்ற கிடார்க்காரர்கள் ஒரு நோட்டை வாசித்துவிட்டுப் பிறகு கம்பியைத் தொடுவார்கள். ஷீல்ட்ஸ் கம்பியை உள்ளங்கைக்குள் வைத்தபடியே ஸ்ட்ரம் செய்கிறார். கை கீழே போகும்போதெல்லாம் கம்பியும் லேசாக அமுங்குகிறது. கம்பி விறைப்பாக இருந்தால் இது நடக்காது. அவர் கம்பியின் முனையில் டேப் சுற்றி, அது குழிக்குள் முழுவதும் இறங்காமல் சற்று உயர்ந்து தளர்வாக நிற்கும்படி வைத்திருந்தார்.

தந்திகள் ஒவ்வொன்றின் தடிமனும் உள்கம்பியும் வேறு. அதனால் ஒரே அழுத்தத்துக்கு ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு இறங்கும். சேர்ந்து ஒலிக்கும் இரண்டு தந்திகளில் ஒன்று 220 ஹெர்ட்ஸிலும் இன்னொன்று 222 ஹெர்ட்ஸிலும் நின்றால் நொடிக்கு இரண்டு முறை சத்தம் பெருகி வடியும். கோர்டு முழுக்க இந்தப் பெருக்கமும் வடிதலும் ஓடுவதைத்தான் பலர் கோரஸ் பெடல் என்று நினைக்கிறார்கள். 'லவ்லெஸ்'ஸில் கோரஸும் ஃபிளாஞ்சரும் கிடையாது என்று ஷீல்ட்ஸ் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் செய்து பார்க்க: திறந்த ஈ மேஜர் கோர்டைப் பிடித்து, அதே விரல் வடிவத்தை ஐந்து பிரெட் மேலே நகர்த்துங்கள். பாரே போடாமல் (ஒரே விரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்தாமல்) முதல் இரண்டு தந்திகளையும் ஆறாவதையும் திறந்தே ஒலிக்க விடுங்கள். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 70இல் வைத்து எட்டாம் பங்கு தாளத்தில் ஸ்ட்ரம் செய்யுங்கள். மணிக்கட்டு மட்டும் ஆடினால் போதாது, முன்கை முழுக்க அசைய வேண்டும். சுருதி அரை ஸ்வரத்துக்கு மேல் இறங்கக் கூடாது; கால் ஸ்வரம் போதும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் செய்யும் பிழை ஆழமாக அழுத்துவது. அப்படிச் செய்தால் மயக்கம் வராது, தலைசுற்றல்தான் வரும்.

கைக்குப் பழகியபின் எலக்ட்ரானிக்ஸ். கழுத்துப் பக்கப் பிக்அப், டோன் பாதிக்கும் கீழே. அடுத்து ரிவர்ஸ் ரிவெர்ப், அதாவது எதிரொலி பின்னோக்கி ஓடுவது போன்ற விளைவு. ஷீல்ட்ஸ் பயன்படுத்தியது யமஹா எஸ்.பி.எக்ஸ். 90, அலெசிஸ் மிடிவெர்ப் 2 போன்ற 80களின் பெட்டிகளை. இவை ஒலியை உண்மையில் பின்னோக்கி ஓட்டுவதில்லை. எதிரொலிகளைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி சட்டென்று வெட்டிவிடுகின்றன. முக்கியமான விஷயம் மிக்ஸ்: 100 சதவீதம் ரிவெர்ப், நேர் ஒலி பூஜ்யம். பிளெக்ட்ரம் தந்தியில் படும் 'டக்' மறைந்தால்தான் கிடார் மூச்சு மாதிரி வரும். நேரம் 200 முதல் 300 மில்லிநொடி வரை வைத்துப் பாருங்கள். அப்போது ஒலி தாமதமாக எழும். நீங்கள் தாளத்துக்குச் சற்று முந்தி வாசிக்க வேண்டியிருக்கும்.

உங்கள் நாலு பெடல்களின் வரிசையையும் பாருங்கள். வழக்கப்படி டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்) முன்னாலும் ரிவெர்ப் பின்னாலும் இருந்தால் பெரிய மண்டபத்தில் யாரோ ராக் வாசிப்பது போல இருக்கும். ரிவெர்பை முதலில் வைத்து டிஸ்டார்ஷனை அதற்குப் பின்னால் வையுங்கள். ரிவெர்பின் மெல்லிய ஓரமும் உரத்த நடுவும் ஒரே மட்டத்துக்கு நசுங்கி ஒரு சுவராக நிற்கும். கெயினை முழுதாகத் திருப்பாதீர்கள். பாதிக்கு மேல் போனால் கோர்டின் ஸ்வரங்கள் பிரியாமல் குழம்பாகிவிடும்.

கேள்வி: அதே முறையை என் ஜாஸ்மாஸ்டர் வகைக் கிடாரில் முயன்றேன். பத்து நிமிடத்தில் சுருதி கலைகிறது, தந்தி பிரிட்ஜிலிருந்து நழுவுகிறது. ஸ்ட்ராட் வகைக் கிடார் வைத்திருக்கும் நண்பனும் இதைச் செய்ய முடியுமா? (கொழும்பு வாசகர்)

பெரும்பாலும் தந்தி மெலிந்திருப்பதுதான் காரணம். இந்தக் கிடார் 1958இல் வந்தபோது தடித்த தந்திக்காக வடிவமைக்கப்பட்டது. 9 அளவுத் தந்தி (தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு) போட்டால் பிரிட்ஜை (உடலில் தந்திகளைத் தாங்கும் பாலம்) அழுத்திப் பிடிக்கப் போதுமான இழுவை இருக்காது. 11இல் தொடங்கும் செட் போடுங்கள். அப்படியும் நழுவினால் கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் ஷிம் என்ற மெல்லிய தகட்டை வைத்து, பிரிட்ஜை உயர்த்தினால் தந்தி பின்னால் இறங்கும் கோணம் கூடும்.

அடுத்து பிரிட்ஜ். அது முன்னும் பின்னும் ஆடுவது பழுதல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் ஆடியபின் நடுவுக்குத் திரும்ப வேண்டும். ஒரு பக்கமே சாய்ந்து நின்றால் கையால் நிமிர்த்திவிட்டுச் சுருதி சேருங்கள். ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சேடல்களின் திருகுகள் அதிர்வில் தானாக இறங்கும்; உயரம் சரியானதும் ஒரு துளி நகப்பூச்சு வைத்தால் நிற்கும். கழுத்து முனையில் தந்திகள் பதியும் நட்டின் பள்ளங்களில் பென்சில் கரியைத் தேயுங்கள். சுருதி சேர்க்கும்போது 'கிளிக்' என்று சத்தம் வந்தால் தந்தி நட்டில் மாட்டுகிறது என்று அர்த்தம்.

டிரெமோலோ தகட்டின் நடுத்திருகையும் பாருங்கள். சுருதி சேர்த்துவிட்டுப் பூட்டுப் பொத்தானை நகர்த்துங்கள். அப்போது சுருதி மாறினால் திருகைச் சிறிது திருப்பி, மறுபடி சுருதி சேர்த்து, மாறாத நிலை வரும்வரை தொடருங்கள். இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஸ்ட்ராட்டிலும் முடியும், ஆனால் சாயல்தான் வரும். அதன் கம்பி குட்டை, அசைவும் விறைப்பு. பிரிட்ஜின் பின்புறம் உடலிலிருந்து சுமார் 3 மில்லிமீட்டர் உயர்ந்து மிதக்கும்படி பின்ஸ்பிரிங் திருகுகளைத் தளர்த்தச் சொல்லுங்கள். கம்பியின் மரையில் குழாய்க்காரர்கள் சுற்றும் டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினால் கையில் நிற்கும். டிரெமோலோவே இல்லாத கிடாரின் கழுத்தை வளைத்து முயலும் வீடியோக்களைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கேள்வி: இதை நம்முடைய கமகத்தோடு ஒப்பிடலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

காதுக்கு உறவு தெரியும், வேலை வேறு. வீணையில் ஒரு தந்தியை இழுக்கும்போது எந்த ஸ்வரத்திலிருந்து எங்கே போகிறோம் என்பது ராகத்தில் தீர்மானமாக இருக்கிறது. இங்கே ஆறு தந்திகளும் ஒன்றாகச் சாய்கின்றன. எதுவும் ஒரு ஸ்வரத்தில் போய் உட்காருவதில்லை, உட்காராததுதான் நோக்கமே.

கேள்வி: 'லவ்லெஸ்'ஸில் நூற்றுக்கணக்கான கிடார் அடுக்குகள் இருப்பது உண்மையா? அது கம்பெனியையே திவாலாக்கியதாமே? (திருச்சி வாசகர்)

அடுக்குக் கதை தவறு. பல பாட்டுகளில் சாதாரண ராக் குழுக்கள் அடுக்குவதைவிடக் குறைவான கிடார் தடங்கள்தான் என்பது ஷீல்ட்ஸின் விளக்கம். ஒரே கோர்டு, கம்பியும் ரிவர்ஸ் ரிவெர்பும் சேர்ந்து பத்துப் பேர் வாசிப்பது போல ஒலிக்கிறது. புல்லாங்குழல் போலவும் சின்த் போலவும் வருவதில் பெரும்பகுதி, கிடார் ஃபீட்பேக்கை (ஸ்பீக்கர் ஒலி கிடாருக்கே திரும்பி எழுப்பும் ஓலம்) சாம்ப்ளர் என்ற ஒலிப்பதிவுக் கருவியில் ஏற்றிக் கீபோர்டில் வாசித்தது.

காலமும் ஸ்டூடியோவும் பற்றிய கதை உண்மை. 1989 பிப்ரவரியில் தொடங்கி 1991இல் முடிவதற்குள் 19 ஸ்டூடியோக்கள் மாறினார்கள். உறையில் பொறியாளர் பெயர்கள் அவ்வளவு நீளக் காரணம், டீ போட்டுக் கொடுத்தவர்கள் பெயரையும் சேர்த்ததுதானாம். உண்மையில் ஷீல்ட்ஸோடு உழைத்தவர் முக்கியமாக ஆலன் மோல்டர். செலவு 2,50,000 பவுண்ட் என்று பரவியது; ஷீல்ட்ஸ் அதை மறுக்கிறார். கிரியேஷன் திவாலாகவில்லை. ஆனால் ஆல்பம் 1991 நவம்பர் 4இல் வந்து பிரிட்டிஷ் பட்டியலில் 24ஆம் இடம் வரை போனபின், குழுவை வெளியே அனுப்பிவிட்டது.

பெயர்தான் நால்வர் குழு. டெபி கூஜ் இந்த ஆல்பத்தில் வாசிக்கவில்லை, பேஸும் ஷீல்ட்ஸ். கோல்ம் அப்போது உடல்நலம் குன்றியிருந்ததால், அவர் அடித்த டிரம்ஸ் ஒலிகளைச் சாம்ப்ளரில் ஏற்றித் தாளம் கோத்தார்கள். முழுதாக அவர் அடித்தது 'ஒன்லி ஷாலோ', 'கம் இன் அலோன்' இரண்டில்தான். 'டச்ட்' என்ற சிறு துண்டு மட்டும் முழுக்க அவருடைய கைவேலை.

கேள்வி: பாட்டு வரிகள் புரியவே இல்லையே? (சேலம் வாசகர்)

புரிய வைக்கும் எண்ணம் அவர்களுக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. பிலிண்டா பலமுறை தூக்கத்திலிருந்து எழுந்த கையோடு பாடியிருக்கிறார். ஒரே வரியைப் பல தடவை பாடி அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததால் மெய்யெழுத்துகள் மழுங்கி உயிரெழுத்து மட்டும் மிஞ்சுகிறது. இணையத்திலுள்ள வரிகளில் பெரும்பகுதி ரசிகர்களின் ஊகம்.

கேள்வி: 'லவ்லெஸ்'ஸுக்கு அடுத்த ஆல்பம் வர 21 வருடம் ஏன்? (பெங்களூரு வாசகர்)

1992இல் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் ஒப்பந்தம் கிடைத்தது. அந்தப் பணத்தில் தெற்கு லண்டனின் ஸ்ட்ரெதமில் சொந்த ஸ்டூடியோ கட்டினார்கள். கருவிக் கோளாறுகள் ஒரு பக்கம், எதுவுமே போதாது என்ற ஷீல்ட்ஸின் மனம் ஒரு பக்கம். 1995இல் கூஜும் கோல்மும் போனார்கள், பிறகு பிலிண்டாவும். ஷீல்ட்ஸ் பிரைமல் ஸ்க்ரீம் குழுவோடு வாசித்தார். 2003இல் 'லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்' படத்துக்கு நான்கு துண்டுகள் செய்தார். 2008இல் நால்வரும் மறுபடி மேடையேறினார்கள்.

'எம் பி வி' என்ற அந்த அடுத்த ஆல்பம் 2013 பிப்ரவரி 2ஆம் தேதி அவர்களுடைய சொந்த இணையதளத்தில் வந்தது; வந்த வேகத்தில் தளம் முடங்கியது. ஒன்பது பாட்டுகளில் சிலவற்றின் வித்து 1990களில் பதிவானது. முதல் மூன்று 'லவ்லெஸ்'ஸின் அடுத்த அறை மாதிரி இருக்கும். நடு மூன்றில் கீபோர்டு முன்னால் வருகிறது. கடைசி மூன்றில் தாளம் வெறிகொள்கிறது. 'நத்திங் இஸ்' ஒரே துண்டை மூன்றரை நிமிடம் இடித்துக்கொண்டே போகும். 'வொண்டர் 2' அந்தக் கால லண்டன் ஜங்கிள் இசையின் வேக டிரம்ஸை ஜெட் விமானச் சுழலுக்குள் போட்ட மாதிரி. அந்தப் பாதையில் 1997இலேயே தொடர்ந்திருந்தால் என்று ஏங்காமல் இருக்க முடியவில்லை. 2021 மார்ச் 31 முதல் முக்கிய ஆல்பங்கள் எல்லா ஸ்ட்ரீமிங் தளங்களிலும் உள்ளன.

கேள்வி: இவர்களின் கச்சேரிக்குக் காதடைப்பான் கட்டாயமா? (சிங்கப்பூர் வாசகர்)

கட்டாயம். வாசலிலேயே கொடுப்பார்கள். 'யூ மேட் மீ ரியலைஸ்' பாட்டின் நடுவே ஒரே இரைச்சலை நிறுத்தாமல் பல நிமிடம், சில இரவுகளில் 20 நிமிடத்துக்கும் மேல், பிடித்து நிற்பது இவர்கள் வழக்கம். 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் என்பது பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெலுக்குப் போனால் 15 நிமிடம்தான்.

பஞ்சு அடைத்தால் பயனில்லை. நுரை அடைப்பானை விரல்களுக்கிடையே மெல்லிய குச்சி போல உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதின் மேல்நுனியைத் தூக்கிப் பிடித்து உள்ளே விட்டு, விரிந்து அடைக்கும்வரை அரை நிமிடம் விரலால் தாங்குங்கள். உங்கள் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டால் சரியாக உட்கார்ந்துவிட்டது. இசை மங்குகிறது என்று நினைப்பவர்கள், எல்லா அலைவரிசையையும் ஒரே அளவில் குறைக்கும் சிலிகான் அடைப்பான் வாங்கலாம். இரைச்சல் தொடங்கியபின் எடுத்து மாட்ட நினைக்காதீர்கள். முதல் பாட்டுக்கு முன்பே மாட்டிவிடுங்கள்.