கருப்பை வாய்ப் பரிசோதனையில் எச்.பி.வி. பாசிட்டிவ்: கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டுமா?

கேள்வி: எனக்கு 38 வயது. பாப் ஸ்மியர் பரிசோதனையில் ‘எல்.எஸ்.ஐ.எல்.’ என்றும், எச்.பி.வி. பாசிட்டிவ், ஆனால் ஆபத்து மிகுந்த 16, 18 வகைகள் இல்லை என்றும் ரிப்போர்ட் வந்திருக்கிறது. டாக்டர் கால்போஸ்கோபி செய்யச் சொல்கிறார். நாத்தனாரோ, ‘பிள்ளைகள் பிறந்தாயிற்று, கர்ப்பப்பையை எடுத்துவிடு’ என்கிறார். கணவர் மீதும் சந்தேகம் வந்து தூக்கம் போய்விட்டது. நான் என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, எல்.எஸ்.ஐ.எல். என்றால் கருப்பை வாயின் மேற்பரப்புச் செல்களில் லேசான மாற்றம் தெரிகிறது என்று பொருள். இது புற்றுநோய் இல்லை. எச்.பி.வி. என்பது தாம்பத்திய உறவின் வழியே பரவும் ஒரு வைரஸ்; அதன் தொற்று பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே நீங்கிவிடும். வீரியமிக்க வகை வைரஸ் பல ஆண்டுகள் நீங்காமல் தங்கினால்தான் ஆபத்து. அப்போதும் அது புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இந்த நீண்ட இடைவெளிதான் நமக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு. ஆகவே கால்போஸ்கோபியைத் தள்ளிப்போடாதீர்கள்.

அதற்கு மயக்க மருந்து தேவையில்லை. பாப் ஸ்மியருக்குப் படுத்தது போலவே படுக்க வைத்து, கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, உருப்பெருக்கிக் கருவி வழியாகப் பார்ப்பார்கள். மாற்றமடைந்த பகுதி சிறிது நேரத்தில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அங்கிருந்து அரிசியளவு சதையை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். ஒரு கிள்ளல் போன்ற வலியும், ஓரிரு நாள் லேசான உதிரக்கசிவும் இருக்கலாம். மாதவிடாய் இல்லாத நாளில் தேதி வாங்குங்கள்.

பயாப்ஸியில் ‘சி.ஐ.என். 1’, அதாவது லேசான செல் மாற்றம், என்று வந்தால் பெரும்பாலும் சிகிச்சை வேண்டாம். ஓராண்டு கழித்து மறுபரிசோதனை போதும். அதைவிடத் தீவிரமான மாற்றமான சி.ஐ.என். 2 அல்லது 3 என்றால், மாறிய பகுதியை மட்டும் மின்கம்பி வளையத்தால் அகற்றும் ‘லீப்’ போன்ற சிகிச்சையை, பெரும்பாலும் அன்றே வீடு திரும்பும்படி செய்துவிடுவார்கள். அதன்பிறகு ஆறு மாதத்தில் எச்.பி.வி. பரிசோதனையும், தொடர்ந்து பல ஆண்டுகள் கண்காணிப்பும் அவசியம்.

நாத்தனார் அக்கறையுடன் சொன்னாலும், பயாப்ஸி முடிவு கைக்கு வருமுன் கர்ப்பப்பையை எடுப்பதற்கு யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். ஒருவேளை உள்ளே புற்றுநோய் மறைந்திருந்தால், அதற்கான அறுவை முறையே வேறு. சாதாரண அறுவையில் எடுத்துவிட்டால் சிகிச்சை அரைகுறையாகி, அடுத்த கட்டம் சிக்கலாகும். புற்றுநோய் இல்லையென்றால், தேவையில்லாத பெரிய அறுவையைத் தாங்கியவராவீர்கள்.

உங்கள் கணவர் விஷயத்தை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த ரிப்போர்ட்டால் மனம் உடைந்த குடும்பங்கள் உண்டு. தாம்பத்திய வாழ்வில் இருக்கும் பெரும்பாலானோரை எச்.பி.வி. வாழ்நாளில் ஒருமுறையாவது தொட்டுவிடும். அது அறிகுறியே இல்லாமல் பல ஆண்டுகள் உடலில் உறங்கிக் கிடந்து பின்னர் பரிசோதனையில் தெரியக்கூடும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் கண்டறிய முடியாது. ஆகவே இதை அவருக்கோ உங்களுக்கோ எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்ள இடமே இல்லை. முடிந்தால் அவரையும் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் முயற்சியில் உங்கள் மாவட்டத்துப் பெண்களுக்கு ஒரு பங்கும் உண்டு. அசெட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்ததிலேயே கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்புகள் சுமார் 35 சதவீதம் குறைந்தன என்று 2007-இல் வெளியான ஆய்வு, திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில்தான் நடத்தப்பட்டது.

உறவுக்குப் பின் இரத்தம் வந்தாலோ, மாதவிடாய்க்கு இடையில் உதிரம் பட்டாலோ, குறித்த தேதிக்குக் காத்திராமல் உடனே டாக்டரைப் பாருங்கள். உங்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள் மகள் இருந்தால், எச்.பி.வி. தடுப்பூசி பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள்.