மூன்று மணி நேரப் பேச்சின் கடைசி நிமிடம்

அன்புள்ள ஐயா,

தென்காசி மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் பொறுப்பு ஆண்டுதோறும் என் தலையில்தான் விழும். இம்முறை தலைப்பு ‘உலக வரலாற்றை மாற்றிய உரைகள்’. லிங்கன், சர்ச்சில், மார்ட்டின் லூதர் கிங், நேரு என்று ஆளுக்கு ஒருவராகப் பிரித்துக் கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு, 1964-இல் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் நீதிமன்றத்தில் நெல்சன் மண்டேலா ஆற்றிய உரையின் கடைசிப் பத்தியைக் கொடுத்தேன். ‘இந்த இலட்சியத்துக்காக உயிரைக் கொடுக்கவும் தயாராக இருக்கிறேன்’ என்று முடியுமே, அந்தப் பத்தி. சீக்கிரமே மனப்பாடம் செய்துவிட்டாள். கணீரென்ற குரல். பேசி முடித்ததும் என்னிடம் கேட்டாள்: “இவ்வளவு பேசியும் அவரை 27 ஆண்டுகள் சிறையில்தானே வைத்திருந்தார்கள் டீச்சர்? அப்படியானால் இந்தப் பேச்சு எதை மாற்றியது?”

எனக்குச் சரியான பதில் வரவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உரைகள் உண்மையிலேயே வரலாற்றை மாற்றுகின்றனவா, அல்லது நாம் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டோமா? நேரம் கிடைத்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
ஓர் ஆசிரியை

—

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் மாணவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பெரியவர்கள் பலரும் கேட்கத் தவறுகிற கேள்வியை அவள் கேட்டிருக்கிறாள்.

நேரான பதில் இதுதான்: பேசிய அன்று அந்த உரை எதையும் மாற்றவில்லை. 1964 ஏப்ரல் 20 அன்று ப்ரிட்டோரியா நீதிமன்றத்தில் மண்டேலா பேசினார். ஜூன் 12 அன்று அவருக்கும் மற்ற ஏழு பேருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தூக்குக் கயிற்றிலிருந்து அவர்களைக் காப்பாற்றியது இந்த உரைதான் என்று எழுதுகிறவர்கள் உண்டு. நீதிபதி குவார்ட்டஸ் டி வெட் அப்படிச் சொல்லவில்லை. இது சாராம்சத்தில் தேசத்துரோகம், ஆனால் அரசு அந்தக் குற்றச்சாட்டை வைக்கவில்லை, அதனால்தான் உச்ச தண்டனை விதிக்கவில்லை என்பதே அவர் தந்த விளக்கம். வெளியிலிருந்து வந்த நெருக்கடியும் கொஞ்சமல்ல. அரசியல் கைதிகளை விடுவிக்கக் கோரி ஐ.நா. பொதுச் சபை 1963 அக்டோபரிலேயே 106-க்கு 1 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. எதிர்த்து விழுந்த அந்த ஒரே வாக்கு தென்னாப்பிரிக்காவினுடையது.

அப்படியிருந்தும் அந்த உரை வரலாற்றை மாற்றியது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் எப்படி மாற்றியது என்பது நீங்கள் கொடுத்த பத்தியில் இல்லை. அது உரையின் கடைசி நிமிடம். அதற்கு முன்னால், ஒலிப்பதிவின்படி, ஏறத்தாழ மூன்று மணி நேரம் அவர் பேசியிருக்கிறார். நம் ஊர்ப் போட்டிகளில் அந்த மூன்று மணி நேரத்தை வெட்டிவிட்டு, கைதட்டல் வாங்கும் ஒரு பத்தியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறோம். சாகத் துணிந்த ஒருவர் என்று மட்டும் அவர்கள் புரிந்துகொள்கிறார்கள். எதற்காக என்பது அவர்களுக்குத் தெரிவதே இல்லை.

வழக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1963 ஜூலை 11 அன்று ஜோகன்னஸ்பர்க் அருகே ரிவோனியாவில் ஒரு பண்ணை வீட்டைப் போலீஸ் சுற்றி வளைத்தது. மண்டேலாவின் தோழர்களான வால்டர் சிசுலு, கோவன் ம்பெக்கி, அகமது கத்ராடா உள்ளிட்டோர் அங்கே பிடிபட்டார்கள். மண்டேலா அதற்கு முந்தைய ஆண்டே கைதாகி ஐந்தாண்டுத் தண்டனையில் இருந்தார். பண்ணையில் கிடைத்த ஆவணங்களை வைத்து அவரையும் வழக்கில் சேர்த்து, முதல் குற்றவாளியாக நிறுத்தினார்கள். குற்றச்சாட்டு நாசவேலை. தூக்குத் தண்டனைக்கு இடமுள்ள குற்றம் அது.

இங்கேதான் மண்டேலா எடுத்த ஒரு முடிவைக் கவனிக்க வேண்டும். பிரமாணம் எடுத்துச் சாட்சிக் கூண்டில் ஏறினால், அவர் சொல்வதற்குச் சட்ட மதிப்பு கூடுதல். ஆனால் அரசுத் தரப்பு வழக்கறிஞர் பெர்சி யூட்டர் குறுக்கு விசாரணை செய்வார், கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்ல முடியும். பிரமாணம் இல்லாமல் குற்றவாளிக் கூண்டிலிருந்தே வாக்குமூலமாகப் பேசினால், யாரும் குறுக்கே வர முடியாது. ஆனால் தீர்ப்பில் அதற்கு எடை குறைவு. மண்டேலா இரண்டாவது வழியைத் தேர்ந்தார். அவரே வழக்கறிஞர், விளைவு தெரியாதவர் அல்ல. தன் தற்காப்பைக் குறைத்துக்கொண்டு, நாட்டின் நிலையை முழுதாக எடுத்துச் சொல்ல ஒரு பகல் பொழுதை அவர் விலைக்கு வாங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். யூட்டர் குறுக்கு விசாரணைக்குத் தயாராக வந்திருந்தார். இந்த அறிவிப்பைக் கேட்டதும் எழுந்து, இப்படிப் பேசினால் எடை குறைவு என்று மண்டேலாவை நீதிபதி எச்சரிக்க வேண்டும் என்றார். மண்டேலா தரப்பு வழக்கறிஞர்களுக்கு அதைச் சொல்லித்தர உங்கள் உதவி தேவையில்லை என்று நீதிபதியே அவரை உட்காரவைத்தார்.

மண்டேலா பேசத் தொடங்கியதும் செய்த முதல் காரியம் ஒப்புக்கொண்டது. ‘நான் நாசவேலைக்குத் திட்டமிட்டேன், அதை மறுக்கவில்லை’ என்றார். தூக்குக்கு வாய்ப்புள்ள வழக்கில், பேச்சின் தொடக்கத்திலேயே! பிறகு காரணத்தை ஒவ்வொரு படியாக எடுத்து வைத்தார். 1952-இன் சட்டமறுப்பு இயக்கத்தில் 8,500-க்கும் மேற்பட்டோர் சிறை சென்றார்கள், அவர்களில் ஒருவர்கூட வன்முறையில் இறங்கவில்லை. 1960-இல் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் இறந்தார்கள். மண்டேலாவின் கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தடை செய்யப்பட்டது. இனி என்ன வழி? நாசவேலை, கெரில்லாப் போர், பயங்கரவாதம், வெளிப்படையான புரட்சி என்று நான்கு வழிகள் இருந்தன என்றும், உயிர்ச் சேதமில்லாத முதல் வழியைத் தேர்ந்தோம் என்றும் சொன்னார். பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரத்தில், தான் கம்யூனிஸ்ட் அல்ல என்று சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். எங்களை மனிதர்களாக மதித்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவும் சேர்ந்து உழைக்கவும் பல பத்தாண்டுகளாக முன்வந்த ஒரே அரசியல் குழு கம்யூனிஸ்டுகள்தான் என்றும் அதே கூண்டில் நின்று சொன்னார். அடுத்த மூச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மீது தனக்குள்ள மரியாதையையும் சொன்னார். யாரையும் திருப்திப்படுத்தப் பேசுகிற ஆள் இப்படிப் பேசமாட்டார்.

பிறகு வருகிற பகுதிதான் எனக்கு மிகவும் முக்கியமானது. கணக்கு. அரசு உதவி பெறும் பள்ளியில் ஓர் ஆப்பிரிக்கக் குழந்தைக்கு 1960-61-இல் அரசு செலவிட்டது 12.46 ராண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்). கேப் மாகாணத்தில் ஒரு வெள்ளைக் குழந்தைக்குச் செலவிட்டது 144.57 ராண்ட். இந்த இடத்தில், எனக்குக் கிடைத்த புள்ளிவிவரம் கேப் மாகாணத்துடையது மட்டுமே என்று ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறார். உயிர் ஊசலாடும் நேரத்தில், தன் எண்ணின் எல்லை எதுவென்று சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார்! 1962-இல் தென்னாப்பிரிக்கா முழுவதிலும் பள்ளியிறுதித் தேர்வில் தேறிய ஆப்பிரிக்கப் பிள்ளைகள் 362 பேர். ஜோகன்னஸ்பர்க்கில் ஆப்பிரிக்கக் குடும்பங்களில் 46 சதவீதத்தினருக்கு வரும் வருமானம் வயிற்றுக்கே போதாது. ப்ரிட்டோரியா சுகாதார அதிகாரியின் கணக்குப்படி காசநோயில் நாளொன்றுக்கு 40 பேர் சாகிறார்கள், ஏறக்குறைய அனைவரும் ஆப்பிரிக்கர்கள்.

அதன்பிறகு, என்ன வேண்டும் என்று கேட்கிறார். பிழைக்கிற அளவுக்குக் கூலி வேண்டும். வேலை கிடைத்த ஊரில் குடியிருக்க வேண்டும், அங்கே பிறக்கவில்லை என்று விரட்டக் கூடாது. ஆண்களுக்கான விடுதிகளில் அடைபடாமல் மனைவி மக்களோடு வாழ வேண்டும். இரவு பதினொரு மணிக்கு மேல் வெளியே நடமாட அனுமதி வேண்டும், சின்னப் பிள்ளைகளைப் போல் எங்களை அறைக்குள் அடைக்கக் கூடாது.

இரவு பதினொரு மணிக்கு மேல் தெருவில் நடப்பது! இதற்காக ஒரு மனிதர் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது என்பதை உங்கள் மாணவி அறிந்தால், கடைசிப் பத்தியை அவள் வேறு மாதிரிப் பேசுவாள்.

அந்தக் கடைசிப் பத்திக்கும் ஒரு கதை உண்டு. மண்டேலா இரண்டு வாரம் போலச் சிறையறையில் மாலை நேரங்களில் எழுதிய உரை இது. மண்டேலா தரப்பு வழக்கறிஞர்களுக்குத் தலைமை ஏற்றிருந்த பிராம் ஃபிஷர் படித்துவிட்டுப் பதறினார். மற்றொரு மூத்த வழக்கறிஞரிடம் காட்டினார். இதை வாசித்தால் நீதிமன்றத்தின் பின்பக்கம் கொண்டுபோய் நேராகத் தூக்கிலிட்டுவிடுவார்கள் என்றார் அவர். கடைசிப் பத்தியை எடுத்துவிடும்படி ஃபிஷர் மன்றாடினார். மண்டேலா இசையவில்லை. ‘தேவைப்பட்டால்’ என்பதை மட்டுமாவது சேருங்கள், இல்லாவிட்டால் சாவை நீங்களே கேட்டு வாங்குவதாக ஆகிவிடும் என்று இளம் வழக்கறிஞர் ஜார்ஜ் பிசோஸ் சொன்ன யோசனையை ஏற்றுக்கொண்டார். ஃபிஷரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். புகழ்பெற்ற ஆப்ரிக்கானர் (டச்சு வழிவந்த தென்னாப்பிரிக்க வெள்ளையர்) குடும்பத்துப் பிள்ளை. இரண்டே ஆண்டுகளில், 1966-இல், அவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது.

இன்னொருவரையும் சொல்லாமல் விட மனமில்லை. மண்டேலா தவிர்த்த குறுக்கு விசாரணையை யார் தாங்கியது? வால்டர் சிசுலு. அதிகம் பள்ளிப் படிப்பில்லாதவர். மண்டேலா உட்கார்ந்ததும் பிரமாணம் எடுத்துச் சாட்சிக் கூண்டில் ஏறியவர் அவர்தான். யூட்டர் அவரைப் பல நாள் துளைத்தெடுத்தும் அசைக்க முடியவில்லை. மேடையில் நின்றவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அந்த உரைக்கு நீதிமன்றத்தில் முட்டுக்கொடுத்து நின்றவரைப் போட்டி மேடைகளில் ஒருவரும் சொல்வதில்லை. தூக்குத் தண்டனை வந்தாலும் மேல்முறையீடு செய்வதில்லை என்று மண்டேலாவும் சிசுலுவும் ம்பெக்கியும் முன்பே பேசி முடிவெடுத்திருந்தார்கள். ‘உயிரைக் கொடுக்கத் தயார்’ என்பது வெறும் மேடை வசனமாக இல்லாமல் போனதற்கு அந்த முடிவுதான் காரணம்.

இனி, என்ன மாறியது என்ற கேள்விக்கு வருகிறேன். அந்த வழக்கை அரசு தொடுத்தது, இவர்கள் வன்முறைக் கும்பல் என்று உலகத்துக்குக் காட்டுவதற்காக. மண்டேலா குற்றத்தை மறுத்துத் தப்பப் பார்த்திருந்தால், ‘செய்தாரா, இல்லையா’ என்பதோடு பேச்சு முடிந்திருக்கும். செய்தேன் என்று அவரே சொல்லிவிட்டதால், ‘ஏன் செய்ய வேண்டி வந்தது’ என்பது மட்டுமே மிஞ்சியது. அதற்கு அரசிடம் பதில் இல்லை. 12.46 ராண்டுக்கு யூட்டரால் என்ன பதில் சொல்ல முடியும்?

மண்டேலாவின் சொற்களைப் பிரசுரிக்கத் தடை இருந்தும், ‘ரேண்ட் டெய்லி மெயில்’ நாளிதழ் அந்த உரையை ஏறக்குறைய முழுமையாக அச்சிட்டது. அதன் பிறகு சிறையிலிருந்த காலமெல்லாம் அவர் குரல் வெளியே கேட்கவில்லை, புதிய படங்களும் அநேகமாக வெளிவரவில்லை. அடுத்து வந்த தலைமுறைக்கு மண்டேலா என்றால் கையில் இருந்தது பெரும்பாலும் இந்த உரைதான். வெளிநாடுகளில் நிறவெறிக்கு எதிராகத் தெருவில் இறங்கிய இளைஞர்கள் பலர் அவரை நேரில் பார்த்தவர்கள் அல்ல, இதைப் படித்தவர்கள். 1990 பிப்ரவரி 11 அன்று விடுதலையாகி கேப் டவுன் நகர மண்டபத்து மாடத்தில் நின்றபோது, அதே கடைசிப் பத்தியைச் சொல்லித்தான் பேச்சை முடித்தார். அன்று சொன்னது இன்றும் உண்மை என்றார். ஓர் உரை வரலாற்றை மாற்றுவதற்கு இத்தனை ஆண்டுகளும், முகம் தெரியாத இத்தனை பேரின் உழைப்பும் வேண்டியிருந்தது.

மார்ட்டின் லூதர் கிங்கிற்கும் நாம் இதே அநியாயத்தைத்தான் செய்கிறோம். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் கூடியது ‘வேலைக்கும் சுதந்திரத்துக்குமான’ பேரணி. உரையின் முற்பகுதியில், அமெரிக்கா கறுப்பின மக்களுக்குக் கொடுத்த காசோலை பணமில்லை என்று திரும்பிவிட்டது, நாங்கள் அதைப் பணமாக்க வந்திருக்கிறோம் என்கிறார் கிங். எவ்வளவு கறாரான கோரிக்கை! பிள்ளைகள் கையில் நாம் கொடுப்பது ‘எனக்கொரு கனவு இருக்கிறது’ என்பதை மட்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவிக்குப் போட்டியில் ஐந்து நிமிடம் தருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘நான் நாசவேலைக்குத் திட்டமிட்டேன்’ என்பதில் அவள் தொடங்கட்டும். பள்ளிச் செலவுக் கணக்கைச் சொல்லட்டும். ஒரு குழந்தைக்குச் செய்ததைப் போலப் பதினொரு மடங்குக்கு மேல் இன்னொரு குழந்தைக்குச் செய்த அரசு அது என்பதை அவளே வகுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும். இரவு பதினொரு மணியைச் சொல்லட்டும். கடைசிப் பத்திக்கு அரை நிமிடம் போதும். நடுவர்கள் மதிப்பெண் குறைத்தால் குறைக்கட்டும்.

முடிந்தால் வகுப்பில் அந்த ஒலிப்பதிவையும் போட்டுக் காட்டுங்கள். நீதிமன்ற நடவடிக்கைகளை அன்று டிக்டாபெல்ட் என்ற பிளாஸ்டிக் பட்டைகளில் பதிந்து வைத்தார்கள். அவற்றை ஓட்டும் இயந்திரங்கள் வழக்கொழிந்து போனதால், வெகுகாலம் யாராலும் கேட்க முடியவில்லை. பிரிட்டிஷ் நூலகமும் பிறகு பிரான்சின் தேசிய ஒலி-ஒளி நிறுவனமும் பாடுபட்டு மீட்ட இருநூறு மணி நேரத்துக்கும் அதிகமான பதிவுகள் இப்போது இருக்கின்றன. மண்டேலா அதில் குரலை உயர்த்துவதே இல்லை. கையிலிருக்கும் காகிதத்தைப் பார்த்து, சீராக, நிதானமாக வாசிக்கிறார். மேசையில் குத்தியும் தொண்டையை உடைத்தும் பேசினால்தான் பேச்சு என்று நம் பிள்ளைகளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

அன்புடன்.