பரணில் இருக்கும் புக்கிங் நோட்டு

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

காரைக்குடியில் எங்கள் ஐயா (அப்பாவைப் பெற்றவர்) தொடங்கிய மோட்டார் சைக்கிள் கடைக்கு வரும் தையில் ஐம்பது வருஷம் நிறைகிறது. சிறு சிறப்பு மலர் போடுகிறோம். ஐயா சின்ன வயதில் பர்மாவில் பெட்டியடிப் பையன் (வட்டிக்கடையில் எடுபிடி). திரும்பி வந்து வாடகை சைக்கிள் கடை, அப்புறம் ராஜ்தூத் ஏஜென்சி. 'உழைப்பால் உயர்ந்த உத்தமர்' என்று எழுதிவிட்டேன், அதற்கு மேல் ஓடவில்லை. ஒரு கடையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

ஒரு வாசகர், காரைக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

உத்தமர் இருக்கட்டும், அந்த வரியை யார் மலரிலும் ஒட்டலாம். ஐயா காலத்துப் புக்கிங் நோட்டு பரணில் கிடக்கிறதா? முதலில் அதை இறக்குங்கள்.

அந்தக் காலத்தில் எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கே கம்பெனிகள் டெல்லியில் லைசென்ஸ் வாங்க வேண்டும். பஜாஜ் ஸ்கூட்டருக்கு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். வண்டிக்கடைக்காரருக்கு விற்பனை பெரிய வேலையில்லை. யாருக்கு முதலில், யாருக்கு அப்புறம் என்று சொல்லி மனஸ்தாபம் வராமல் பார்ப்பதுதான் வேலை. நோட்டில் ஒரு பெயரை அடித்து மேலே வேறு பெயர் எழுதியிருந்தால், அங்கே ஒரு கதை இருக்கிறது. பக்கத்தின் தலையில் 'சிவமயம்' இருக்கும், கீழே சிபாரிசு இருக்கும்.

என் சித்தப்பா ராஜ்தூத் எடுத்த நாள் ஞாபகம் இருக்கிறது. பெட்ரோலில் ஆயில் ஊற்றி, கடைப் பையன் வண்டியை இருபக்கமும் ஆட்டிக் கலக்கினான். பிள்ளையார்பட்டியில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சித்தப்பா கிளட்சைப் படக்கென்று விட, வண்டி நின்றுபோனது. பழம் நசுங்கவில்லை. கூட வந்த மெக்கானிக் ஒன்றும் பேசாமல் வண்டியைக் கையால் தள்ளிப் பழத்தை நசுக்கினார். அப்படி ஒரு ஆள் உங்கள் கடையிலும் இருந்திருப்பார். மலரில் அவருக்கு ஒரு பக்கம் கொடுங்கள்.

கடைதானே என்கிறீர்கள். சென்னையில் மோட்டார் சைக்கிள் இறக்குமதி செய்து விற்ற மெட்ராஸ் மோட்டார்ஸ்தான் 1955-ல் இங்கிலாந்து என்ஃபீல்டோடு கைகோத்தது. திருவொற்றியூரில் புல்லட் பிறந்தது அப்படித்தான். நம் பள்ளத்தூர் முருகப்பா குடும்பம் 1949-ல் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கியது. அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்தார்கள். லேவாதேவிப் பணம் இரும்புக்குப் போன காலம் அது. ஐயா மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட சைக்கிளில் ஒரு ஹெர்குலிஸாவது இருந்ததா என்று அப்பத்தாவிடம் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு பெரிய ஓட்டை. 1984-ல் ஜப்பான் கூட்டில் இண்ட்-சுசுகி பைக் வந்தது. அடுத்த வருஷமே ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100. சிடி 100 நாலு ஸ்ட்ரோக், ராஜ்தூத் மாதிரி ரெண்டு ஸ்ட்ரோக் இல்லை. பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டாம், சைலன்சரைக் கழற்றிக் கரி எடுக்க வேண்டாம், மைலேஜும் கூடுதல். ராஜ்தூத்தை நம்பியிருந்த ஐயா அப்போது என்ன செய்தார்? புது ஏஜென்சிக்கு டெபாசிட் எங்கே புரட்டினார்? அப்பத்தாவின் நகை போனதா? ஐம்பது வருஷம் கடை நின்றது அந்த ஒன்றிரண்டு வருஷத்தில் எடுத்த முடிவால்தான் என்பது என் ஊகம். அதை விட்டுவிட்டு உழைப்பு, உத்தமர் என்றால் எப்படி?

அந்த வருஷத்து ஐந்தொகையையும் (வரவு செலவுக் கணக்கு) எடுத்துப் பாருங்கள். நஷ்டத்திலும் கோயிலுக்கென்று ஒதுக்கும் மகமை எழுதியிருக்கிறாரா என்று எனக்குச் சொல்லுங்கள்.

புக்கிங் நோட்டில் அடித்து எழுதிய பக்கத்தை மலரில் படமாகவே போடலாம். பெயர்களை மட்டும் மறைத்துவிடுங்கள். பாதிப் பேர் வீட்டுப் பிள்ளைகள் இன்னும் உங்களிடம்தான் சர்வீஸுக்கு வண்டி விடுகிறார்கள்.