உருக்காலை ஊரின் அருவிகள் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

கனடாவின் ஹமில்டன் நகரைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட அருவிகள் இருப்பதாக ஒரு கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். நாங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். நயாகராவுக்குப் போகும்போதெல்லாம் ஸ்கைவே பாலத்தில் ஏறியதும் வலப்பக்கம் புகைபோக்கிகள் தெரியும். கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு வேகமாகக் கடந்துவிடுவோம். அந்த ஊரிலா அருவி என்று கணவர் சிரித்தார். இருந்தாலும் சென்ற ஆகஸ்டில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். வெப்ஸ்டர் அருவியில் முன்பதிவு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து அல்பியன் அருவிக்குப் போனால் பாறைதான் இருந்தது, அதில் கொஞ்சம் தண்ணீர் ஒழுகியது. சுற்றிலும் வேலி. திரும்பி வரும் வழி முழுக்கக் கணவரின் கேலி.

வரும் மே மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வருகிறார். நயாகராவைச் சென்ற முறையே பார்த்துவிட்டார். ஹமில்டனுக்கு அவரைக் கூட்டிப்போகலாமா? 'உலகின் அருவித் தலைநகரம்' என்று போடுகிறார்களே, அது வெறும் விளம்பரம்தானா? பிள்ளைகள் தண்ணீரில் இறங்கலாமா?

ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

விளம்பரம்தான். ஆனால் பொய் இல்லை. ஹமில்டன் நகர எல்லைக்குள் நூற்றுக்கு மேற்பட்ட அருவிகளைக் கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் 41 மீட்டர் உயரத்திலிருந்து விழும் டியூஸ் அருவியும் சேர்த்தி, பனி உருகும் வாரங்களில் மட்டும் தலைகாட்டிவிட்டுப் போகும் பெயரளவு அருவிகளும் சேர்த்தி. எனக்கு இந்த எண்ணிக்கையில் பெரிய மரியாதை இல்லை. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே நாளில் ஏழெட்டு அருவிகளை முடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர்கள் அதிகம் பார்ப்பது வாகனத் தரிப்பிடங்களைத்தான்.

முதலில் உங்கள் ஆகஸ்ட் ஏமாற்றம். நயாகராவுக்குப் பின்னால் ஏரிக் கடலே நிற்கிறது. அது கோடையிலும் குறையாது. ஹமில்டன் அருவிகளுக்குப் பின்னால் இருப்பவை சிறு ஓடைகள். அந்த ஓடைகளுக்கு நீர் தரும் நிலத்தில் பெரும்பகுதி இப்போது வீடுகளும் சாலைகளும் கடைத்தொகுதிகளும். மழை மண்ணில் இறங்கித் தங்கினால்தான் ஓடைக்குப் பிறகு சிறுகச் சிறுகக் கிடைக்கும். தார்ச்சாலையில் விழுந்த மழை வடிகாலில் புகுந்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் அருவியாய்க் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பெருமழை பெய்து ஓய்ந்த கையோடு அதே அல்பியனுக்குப் போயிருந்தால் உங்கள் கணவர் வேறு பேச்சுப் பேசியிருப்பார். ஏப்ரலும் மே முதல் பாதியும் நல்ல காலம். அக்டோபரில் இலை நிறம் மாறும்போது கூட்டம் அலைமோதும், தண்ணீர் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அடுத்து, 'அந்த ஊரிலா அருவி' என்ற சிரிப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலருக்கு இந்த எண்ணம் இருக்கிறது. ஆலைகள் ஒரு பக்கம், அவற்றிடமிருந்து எப்படியோ தப்பிப் பிழைத்த அருவிகள் இன்னொரு பக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். நடந்தது அப்படி அல்ல. நயாகரா அருவி விழும் அதே பாறைச் சுவர்தான் ஹமில்டன் நகரின் நடுவே ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்துக்கு எழுந்து ஓடுகிறது. நயாகரா எஸ்கார்ப்மென்ட் என்பது அதன் பெயர். ஊர்க்காரர்கள் 'மலை' என்று சொல்வதோடு சரி. மேலே கெட்டியான டொலமைட் பாறை, அடியில் களிமண் இறுகிய மென்பாறை. தண்ணீர் அடியை அரித்துக்கொண்டே போகும். மேல் பாறை ஆதாரம் இழந்து ஒருநாள் உடைந்து விழும். நயாகரா இப்படித்தான் 12,000 ஆண்டுகளில் ஏறக்குறைய 11 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது.

தண்ணீர் விழும் இடத்தில் சக்கரம் சுழலும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹமில்டனை அடுத்த டண்டாஸ், அன்காஸ்டர் பக்கம் மாவு ஆலைகளும் மர ஆலைகளும் இந்த ஓடைகளை நம்பித்தான் வந்தன. பெரிய திருப்பம் 1898 ஆகஸ்டில். செயின்ட் கேத்தரின்ஸ் அருகே டிக்யூ அருவிப் பகுதியில், வெலண்ட் கால்வாயிலிருந்து கொண்டுவந்த நீரை இதே சரிவில் இறக்கி மின்சாரம் எடுத்து, 56 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து ஹமில்டனுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் அது அசாதாரணமான தூரம். மலிவான மின்சாரம் கிடைத்ததும் தொழிற்சாலைகள் வரிசை கட்டின. 1903இல் மின்கருவிகள் செய்யும் வெஸ்டிங்ஹவுஸ், 1910இல் உருக்கு நிறுவனமான ஸ்டெல்கோ, 1912இல் இன்னோர் உருக்கு நிறுவனமான டொஃபாஸ்கோவின் தொடக்கம். 'மின்சார நகரம்' என்று ஹமில்டன் தன்னை அழைத்துக்கொண்டது. நீங்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடக்கிற அந்தப் புகைபோக்கிகளுக்கு இந்தப் பாறைச் சுவரும் ஒரு காரணம்.

அதனால் என் யோசனை இதுதான். அருவிகளை எண்ணாமல் ஒரே ஓடையை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழே, ஏரிவரை நடந்து பாருங்கள். நான் ரெட் ஹில் ஓடையைச் சொல்வேன். உங்களை ஏமாற்றிய அல்பியன் அருவி இருப்பதும் அதில்தான். அங்கிருந்து ஒன்ராறியோ ஏரிக்கரைவரை பள்ளத்தாக்கின் வழியே ஏறக்குறைய 10 கிலோமீட்டர் பாதை இருக்கிறது, பெரும்பாலும் இறக்கம்.

அல்பியன் 19 மீட்டர் உயரம். ஒரே பாய்ச்சலாக விழாமல் படிப்படியாக இறங்கும் அருவி இது. பாறை அடுக்குகள் தட்டுத்தட்டாக நீட்டிக்கொண்டிருக்க, ஒரு தட்டில் விழுந்த நீர் விரிந்து பரவி, அதன் விளிம்பில் பல இழைகளாகப் பிரிந்து அடுத்த தட்டுக்குப் போகும். நீர் குறைவான நாளில் இந்த அடுக்குகள்தான் பார்க்கத் தக்கவை. அன்றைக்கு நீங்கள் பார்த்த வெறும் பாறையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். வேலியைப் பற்றிக் கோபம் வேண்டாம். இந்த விளிம்பில் சறுக்கி உயிர்விட்டவர்கள் இருக்கிறார்கள். அடியிலுள்ள மென்பாறை உதிர்ந்து சில்லுகளாகக் கிடக்கும். ஒரு சில்லை விரல்களுக்கிடையே நெரித்தால் பொடியாகிவிடும். அதன்மேல் காலை வைத்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேறு பாடம் தேவையில்லை. தாண்டினால் அபராதமும் உண்டு.

இந்தப் பக்கத்தில் மரங்களில் மூன்று விரல் அகலத்துக்கு வெள்ளைச் சாயப் பட்டைகளைக் காண்பீர்கள். அது புரூஸ் நடைபாதை. நயாகரா பக்கத்திலுள்ள குயின்ஸ்டனில் தொடங்கி வடக்கே டொபர்மோரிவரை 900 கிலோமீட்டர் போகிறது, 1967இல் திறக்கப்பட்டது. ஒரு பட்டை என்றால் நேரே போகலாம், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இருந்தால் பாதை திரும்புகிறது. மேல் பட்டை எந்தப் பக்கம் விலகியிருக்கிறதோ அந்தப் பக்கம். நீலப் பட்டை கிளைப்பாதை. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக்கொடுத்தால் போதும், அவர்கள் முன்னால் ஓடி வழிகாட்டுவார்கள்.

அருவியைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கியதும் ஒரு இரைச்சல் கேட்கும். இன்னொரு அருவி என்று நினைப்பீர்கள். அது ரெட் ஹில் பள்ளத்தாக்கு விரைவுச்சாலை. பல பத்தாண்டுகள் எதிர்ப்பும் வழக்குமாக இழுபட்டு 2007இல் திறந்தார்கள். ஓடையின் தடத்தையே சாலைக்காக மாற்றியமைத்தார்கள். எனக்கு அந்தச் சாலை பிடிக்காது. அவசரமான நாளில் அதில்தான் போகிறேன் என்பதையும் மறைக்கவில்லை. பாதை அதன் பக்கத்திலும் பாலங்களின் அடியிலுமாக ஓடையைத் தொடர்ந்து போகிறது. பின்பாதி அழகானது என்று சொல்ல மாட்டேன். உயர்மின் கம்பங்கள், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வாடை, இடப்பக்கம் தூரத்தில் உருக்காலைகள். ஆனால் இங்கே வுட்வர்ட் அவென்யூவில் 1859ஆம் ஆண்டின் பழைய நீரேற்று நிலையம் அருங்காட்சியகமாக இருக்கிறது. 1854இல் காலரா ஊரை வாரிக்கொண்டு போன பிறகு, ஏரியிலிருந்து நல்ல தண்ணீர் எடுத்து மேட்டிலிருக்கும் தொட்டிக்கு ஏற்றுவதற்காகக் கட்டியது. மாடி உயரத்துக்கு நிற்கும் இரண்டு நீராவி இயந்திரங்கள் இன்றும் உள்ளே இருக்கின்றன. மலையிலிருந்து இத்தனை ஓடைகள் விழுகிற ஊர், குடிதண்ணீருக்காக நிலக்கரியை எரித்து ஏரி நீரை மேலே தள்ளியிருக்கிறது. நான் இந்த நடையைச் சிபாரிசு செய்வதற்குப் பாதிக் காரணம் அந்த இயந்திரங்கள். ஓடை துறைமுகத்தில் கலக்கிறது. நெடுஞ்சாலைக்கு மேலே உள்ள நடைபாலத்தைக் கடந்தால் நீங்கள் ஏரிக்கரையில் நிற்பீர்கள்.

தண்ணீரில் இறங்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். அருவியைக் கண்டதும் தலையைக் கொடுக்கத் தோன்றுவது குற்றாலம் போய்வந்தவர்களின் பழக்கம். இங்கே அதை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும். நகர ஓடைகளில் வருவது சாலை கழுவிய நீர். குளிர்காலத்தில் கொட்டிய உப்பு, எண்ணெய், நாய்க் கழிவு எல்லாம் அதில் உண்டு. பழைய நகர்ப்பகுதியில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே குழாய் என்பதால், பெருமழையில் சாக்கடையும் வழிந்து வெளியேறும். அதைத் தேக்கி வைக்கக் கட்டிய தொட்டி ஒன்றின் மடை சரியாக மூடப்படாமல், 2014 ஜனவரி முதல் 2018 ஜூலைவரை 2,400 கோடி லிட்டர் கழிவுநீர் ஊரின் இன்னோர் ஓடையான செடோக்கில் கலந்தது. அது செடோக் அருவிக்கு வெகுகீழே நடந்த கசிவு என்பது உண்மை. ஆனால் எவ்வளவு கலந்தது, எத்தனை காலம் கலந்தது என்பது ஊர் மக்களுக்குத் தெரியவந்தது 2019 நவம்பரில், உள்ளூர்ப் பத்திரிகை வழியாக. நான்கரை வருடம் ஒரு மடை திறந்து கிடந்தது என்பதைவிட, தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அம்மாவைப் பற்றி. பத்துக் கிலோமீட்டர் நடை அவருக்கு வேண்டாம். ஸ்டோனி கிரீக் பக்கத்தில் டெவில்ஸ் பஞ்ச்பவுல் என்ற இடம் இருக்கிறது. வண்டியை நிறுத்திச் சிறிது தூரம் நடந்தால் போதும். பெரிய கிண்ணம்போல் குடைந்த பள்ளத்தில் சிவப்பும் பச்சை கலந்த சாம்பலுமாகப் பாறை வரிகள் தெளிவாகத் தெரியும். மே மாதத்தில் மெல்லிய அருவியும் இருக்க வாய்ப்பு உண்டு. விளிம்பிலிருந்து பார்த்தால் துறைமுகம், உருக்காலைகள், தெளிந்த நாளில் ஏரிக்கு அப்பால் ரொறன்ரோவின் கட்டடங்கள்.

அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் எரமோசா கார்ஸ்ட் பூங்காவுக்கும் அவசியம் கூட்டிப்போங்கள். அங்கே பார்க்க உயரமான அருவி எதுவும் கிடையாது. வயல் பக்கமிருந்து ஓடிவரும் ஓடை ஒரு குழிக்குள் இறங்கிக் காணாமல் போகும். சுண்ணக்கல்லைக் கரைத்த குகை வழியே நிலத்தடியில் போய் வேறோர் இடத்தில் வெளியே வரும். உங்கள் அம்மாவுக்கு இதை விளக்க நான் தேவையில்லை. வழுக்கையாற்றைத் தவிர ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லாத, பெய்த மழையெல்லாம் சுண்ணக்கல்லுக்குள் இறங்கிவிடுகிற மண்ணிலிருந்து வருகிறவர் அவர். நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் பார்த்தவர்கள் அந்தக் குழியருகே நிற்கும்போது கேட்கிற கேள்விகள், இங்கே வளர்ந்தவர்கள் கேட்பதைவிடக் கூர்மையாக இருக்கும். தரை பெரும்பாலும் சமம் என்பதால் முழங்காலுக்கும் சிரமமில்லை.

வெப்ஸ்டர், டியூஸ் இரண்டும் ஸ்பென்சர் பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரே முன்பதிவில் பார்க்கலாம். ஹமில்டன் இயற்கைவளப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் நாளையும் நேரத்தையும் தேர்ந்து பணம் கட்டிவிட்டுக் கிளம்புங்கள். வார நாளில் இடம் எளிதாகக் கிடைக்கும். மே மாதத்தில் உண்ணி நடமாட்டம் இருக்கும். உண்ணி கடித்துப் பரவும் லைம் காய்ச்சல் இந்தப் பகுதியில் உண்டு. ஆகவே முழுக்கால் சட்டையை காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், வீடு திரும்பியதும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பையும் காதுக்குப் பின்னாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.